எந்த ஃபீல்டு என்று சொல்லிவிடுங்கள்

ஏபிஐ எழுதும் பேக்கெண்ட் நண்பர்களுக்கு,



நீங்கள் எழுதிய ஏபிஐகளை நம்பித்தான் என் வேலை ஓடுகிறது. கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பில்லிங் மென்பொருள் எழுதும் குழுவில் இருக்கிறேன். பணம் வாங்க ஓர் ஏபிஐ, கூரியர் பதிய ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று, இ-இன்வாய்ஸ் ஏற்ற ஒன்று என நாள் முழுக்க அடுத்தவர் சர்வரோடுதான் பேச்சு. எல்லாம் சரியாகப் போகும்போது உங்கள் வேலையின் நேர்த்தி தெரிகிறது, அதற்கு நன்றி. சரியாகப் போகாத நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். அதிலும் ஒரே ஒரு வகை: நாங்கள் அனுப்பிய கோரிக்கையில் ஏதோ ஒரு ஃபீல்டு தவறு, அதை நீங்கள் கண்டுபிடித்தும்விட்டீர்கள், ஆனால் எது என்று எங்களிடம் சொல்லவில்லை.

நாற்பது ஐம்பது ஃபீல்டு உள்ள ஒரு ஜேசானை அனுப்புகிறோம். 400 என்ற எண்ணும் "இன்வாலிட் ரிக்வெஸ்ட்" என்ற இரண்டு சொற்களும் திரும்பி வருகின்றன. உங்கள் பக்கம் அதோடு வேலை முடிந்தது. எங்கள் பக்கம் அப்போதுதான் தொடங்குகிறது. ஆவணத்தைத் திறந்து ஒவ்வொரு ஃபீல்டாக ஒப்பிடுகிறோம். எதுவும் தென்படவில்லை என்றால் ஃபீல்டுகளைப் பாதி பாதியாக எடுத்துவிட்டு அனுப்பிப் பார்க்கிறோம். எடுத்ததில் ஒன்று கட்டாய ஃபீல்டு என்றால் அதுவே புதுத் தவறாகிவிடும். பதில் மட்டும் மாறாமல் அதே இரண்டு சொற்கள். பழைய தவறு போய்ப் புதுத் தவறு வந்ததா, இரண்டும் இருக்கின்றனவா என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. இரண்டு ஃபீல்டுகள் ஒரே நேரத்தில் தவறாக இருந்தால் இந்த வழியில் கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட நடவாத காரியம், ஏனென்றால் ஒன்றைச் சரிசெய்தாலும் பதில் மாறாது. சரிசெய்ததையே தவறென்று எண்ணிப் பழையபடி மாற்றி வைத்துவிடுவோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கோரிக்கையை மறுக்கும் அந்தக் கணத்தில் உங்கள் நிரலுக்குக் காரணம் தெரியும். ஏதோ ஒரு வரியில் ஒரு நிபந்தனை பொய்த்ததால்தான் மறுத்தது. அந்த வரிக்கு ஃபீல்டின் பெயர் தெரியும். வந்த மதிப்பு தெரியும். வந்திருக்க வேண்டிய மதிப்பு எப்படிப்பட்டது என்பதும் தெரியும். இதைவிடத் துல்லியமான தகவல் உலகில் வேறு யாரிடமும் இல்லை. அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் தொலைந்துவிடுகிறது.

எங்கே தொலைகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். இது சோம்பலால் நடப்பதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். நீங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்குகள் இந்த விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுவதே இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐயில் தவறான உள்ளீடு வந்தால், நீங்கள் ஒரு வரி எழுதாமலேயே, 422 பதிலில் ஒரு பட்டியல் போகிறது: உடலிலா, க்வெரியிலா, எந்த ஃபீல்டு, பட்டியலாக இருந்தால் எத்தனையாவது, என்ன வகைத் தவறு. ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் 400 அனுப்பி, ஒவ்வொரு ஃபீல்டின் பெயருக்கு நேராக அதன் குறைகளை அடுக்குகிறது. எந்தத் தனி ஃபீல்டுக்கும் சேராத தவறுக்குக்கூட அதில் தனி இடம் உண்டு. லாராவெல், ஏஎஸ்பி டாட் நெட் கோர் இரண்டும் இப்படித்தான். ஸ்பிரிங்கில் சரிபார்ப்பு தோற்றால் எழும் எக்செப்ஷனுக்குள் எல்லா ஃபீல்டு பிழைகளும் முழுப் பட்டியலாக உட்கார்ந்திருக்கின்றன.

அதன் மேல் நாம் ஓர் உறை போடுகிறோம். "நம் நிறுவனத்தின் எல்லாப் பதில்களும் ஒரே வடிவில் இருக்க வேண்டும்" என்று யாரோ ஒரு நாள் முடிவெடுக்கிறார்கள். நல்ல நோக்கம். அந்த வடிவத்தில் ஸ்டேட்டஸ், மெசேஜ், டேட்டா என்று மூன்று இடங்கள் மட்டும் இருக்கும். பட்டியலை ஒரு மெசேஜுக்குள் திணிக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் பிடிக்கும் ஓர் எக்செப்ஷன் ஹேண்ட்லர் பட்டியலைக் கீழே போட்டுவிட்டு "இன்வாலிட் ரிக்வெஸ்ட்" என்று எழுதிவிடுகிறது. அதற்கும் வெளியே ஏபிஐ கேட்வே ஒன்று நிற்கும். உள்ளிருந்து வரும் 400 பதிலின் உடலை மாற்றித் தன்னுடைய பொதுப் பக்கத்தை அனுப்பும்படி அதை யாரோ அமைத்திருப்பார்கள். சர்வர் லாகில் விவரம் முழுவதும் இருக்கும். எங்களுக்கு அந்த லாகைப் பார்க்க உரிமை இல்லை.

ஸ்பிரிங் பூட் 2.3 பதிப்பு 2020இல் வந்தபோது, பிழைச் செய்தியையும் ஃபீல்டு பிழைப் பட்டியலையும் இயல்பான பிழைப் பதிலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உள் விவரம் வெளியே கசியக் கூடாது என்பது காரணம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவோடு ஒரு பொறுப்பு நம் தலையில் வந்தது. தானாகப் போய்க்கொண்டிருந்த விவரத்தை இனி நாமே தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பதிப்பை உயர்த்திவிட்டு இந்த வேலையைச் செய்யாமல் விட்டால், நேற்று வரை ஃபீல்டு பெயரைச் சொன்ன ஏபிஐ இன்று ஊமையாகிவிடும்.

நன்றாகச் செய்தவர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் குபெர்னடிஸைச் சொல்வேன். ஒரு பாட் உருவாக்கும் கோரிக்கையில் கன்டெய்னரின் இமேஜ் பெயரை எழுத மறந்துவிட்டால், அதன் ஏபிஐ சர்வர் 422 அனுப்புகிறது. செய்தியில் அந்த ஃபீல்டுக்கான முழுப் பாதை இருக்கும்: ஸ்பெக்குக்குள், கன்டெய்னர்கள் பட்டியலில், 0ஆம் இடத்தில், இமேஜ். கூடவே 'மதிப்பு தேவை' என்ற காரணம். மனிதர் படிக்கும் அந்த வாக்கியத்தோடு, அதே பதிலில் நிரல் படிப்பதற்கென்று காரணங்களின் பட்டியல் ஒன்றும் தனியாக வருகிறது. அதில் ஒவ்வொரு பிழைக்கும் ஃபீல்டு பாதை, காரணக் குறியீடு, விளக்கம் என்று மூன்று இடங்கள். குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டுமே செல்லும் ஃபீல்டில் வேறொன்றை எழுதினால், எழுதியதைக் காட்டி, செல்லக்கூடிய மதிப்புகள் இவை என்று அடுக்கியும் தந்துவிடும். ஆவணத்தைத் திறக்க வேண்டியதே இல்லை.

இதற்கான வடிவத்தை நீங்கள் புதிதாக யோசிக்கவும் வேண்டாம். மார்க் நாட்டிங்ஹாம், எரிக் வில்டே இருவரும் எழுதிய ஆர்எஃப்சி 7807 மார்ச் 2016இல் வெளிவந்தது. எச்டிடிபி ஏபிஐகளின் பிழைப் பதிலுக்கு ஒரு பொது வடிவம் தருவதே அதன் வேலை. பிழையின் வகை, தலைப்பு, ஸ்டேட்டஸ், இந்த முறை நடந்ததன் விவரம், இந்தச் சம்பவத்தின் அடையாளம் என ஐந்து இடங்கள். அவற்றுக்கு மேல் தேவையானதை நாமே சேர்த்துக்கொள்ளலாம். ஜூலை 2023இல் அதன் இடத்தை ஆர்எஃப்சி 9457 எடுத்துக்கொண்டது. ஃபீல்டு பிழைகளை எப்படிப் பட்டியலாகச் சேர்ப்பது என்பதற்கு அந்த ஆவணத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு: வயது நேர்ம முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று ஒன்று, நிறம் பச்சை, சிவப்பு, நீலம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இன்னொன்று. இரண்டுக்கும் அந்தந்த ஃபீல்டைச் சுட்டும் பாதை உடன் இருக்கிறது.

அந்தப் பாதைக்கும் 2013இலேயே ஒரு தரம் வந்துவிட்டது. ஜேசான் பாயின்டர், ஆர்எஃப்சி 6901. "/பொருட்கள்/3/விலை" என்று எழுதினால் பொருட்கள் பட்டியலில் நான்காவது பொருளின் விலை. எண்ணிக்கை 0இல் தொடங்கும் என்பதைத் தரம் தீர்த்துவைத்திருக்கிறது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு பில்லில் முப்பது பொருட்கள் இருந்து, "ஐட்டம் 3 தவறு" என்று மட்டும் பதில் வந்தால், அது மூன்றாவதா நான்காவதா என்று நாங்கள் யூகிக்க வேண்டியிருக்கிறது. "விலை தவறு" என்று மட்டும் வந்தால் முப்பது விலைகளையும் பார்க்க வேண்டும். ஃபீல்டின் பெயரைச் சொல்வது பாதி உதவி. எத்தனையாவது என்பதோடு முழுப் பாதையையும் சொன்னால்தான் எங்கள் திரையில் அந்த வரியைச் சிவப்பாக்க முடியும்.

ஜேசான்:ஏபிஐ என்ற தரம் இன்னும் ஒரு படி யோசித்திருக்கிறது. தவறு உடலில் இருந்தால் பாயின்டர், க்வெரியில் இருந்தால் அந்தப் பாராமீட்டரின் பெயர், ஹெடரில் இருந்தால் ஹெடரின் பெயர் என்று இடத்தைப் பிரித்துச் சொல்ல அதில் வழி உண்டு. கூகுளின் ஏபிஐகளில் ஃபீல்டும் விளக்கமும் கொண்ட மீறல் பட்டியல் ஒன்றைப் பதிலோடு இணைக்க வடிவம் இருக்கிறது. ஸ்ட்ரைப், தவறு எந்தப் பாராமீட்டரில் என்பதைப் பிழைக்குள் ஒரு தனி இடத்தில் தருகிறது. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் எங்களுக்கு மகிழ்ச்சியே. 400ஆ 422ஆ என்று குழுவுக்குள் நடக்கும் விவாதத்தை மட்டும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். 422 வெப்டாவ் என்ற தனித் தரத்திலிருந்து வந்தது. 2022இல் ஆர்எஃப்சி 9110 அதை எச்டிடிபியின் மைய ஆவணத்திலேயே சேர்த்துவிட்டது. 400இன் பொருளும் 2014இலேயே விரிந்துவிட்டது. இரண்டும் செல்லும். உடலில் என்ன இருக்கிறது என்பதில்தான் எங்கள் நாள் தீர்மானமாகிறது.

ஆனால் 200 அனுப்பி உள்ளே "ஸ்டேட்டஸ்: ஃபால்ஸ்" என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நடுவில் நிற்கும் எந்தக் கருவியும் அதை வெற்றி என்றே எண்ணும். கண்காணிப்புப் பலகையில் எல்லாம் பச்சையாக இருக்கும், கடைக்காரரின் பில் மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது. தவறான உள்ளீட்டுக்கு 500 அனுப்புவதும் அதே அளவு தீங்கு. 500 என்றால் உங்கள் பக்கத் தற்காலிகக் கோளாறு என்று எங்கள் நிரல் புரிந்துகொண்டு, அதே தவறான கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் சர்வருக்கும் அது வீண் சுமை.

அடுத்தது, எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் சொல்வது. வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: ரேஷன் கார்டு நகல் இல்லை என்று முதல் நாள் திருப்பி அனுப்புவார்கள், அதை எடுத்துப்போனால் கையொப்பம் இல்லை என்பார்கள், அதையும் வாங்கிப்போனால் புகைப்படம் பழையது என்பார்கள். முதல் நாளே மூன்றையும் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மட்டும் போயிருக்கும். முதல் தவறைக் கண்டதும் நின்றுவிடும் சரிபார்ப்பு எங்களுக்கு இதைத்தான் செய்கிறது.

நிரலாக்கத்தின் பழைய தலைமுறை இதை நன்றாக உணர்ந்திருந்தது. துளை அட்டைகளில் நிரல் எழுதி, கணினி மையத்தில் கொடுத்துவிட்டு, முடிவுக்காகப் பல மணி நேரம் காத்திருந்த காலம் அது. ஒரு தடவைக்கு ஒரு பிழை என்று சொன்னால் மாணவனின் பருவமே முடிந்துவிடும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1965இல் உருவான வாட்ஃபோர் கம்பைலர் தெளிவான பிழைச் செய்திகளுக்காகவே பெயர் பெற்றது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிஎல்/சி இன்னும் மேலே போய், பிழையைத் தானே ஒட்டுப்போட்டுக்கொண்டு மேற்கொண்டு படித்து, மீதிப் பிழைகளையும் அதே ஓட்டத்தில் காட்ட முயன்றது. இன்று ஒரு கோரிக்கைக்குச் சில நூறு மில்லிசெகண்டுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நிரலுக்கு அது சரி. படிவத்தை நிரப்பும் மனிதருக்குச் சரியில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றைத் திருத்தி, பொத்தானை அழுத்தி, அடுத்த குறையைக் கேட்க வேண்டும். எங்கள் திரையில் அவர் எரிச்சலோடு நடுவில் விட்டுப் போவதை நாங்கள் பார்க்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சோதிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஜேசானே உடைந்திருந்தால் ஃபீல்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்த வரியில், எந்த எழுத்தில் உடைந்தது என்று மட்டும் சொல்லுங்கள், போதும். வடிவச் சோதனைகள் எல்லாம் ஒன்றாக வரட்டும். தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்பவை அடுத்த கட்டத்தில் வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டோம். ஒன்று தவறியதால் மட்டுமே தவறும் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். தொடக்கத் தேதியே படிக்க முடியாமல் இருக்கும்போது "முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும்" என்று சொல்வது குழப்பத்தைக் கூட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட மொத்தப் பதிவேற்றத்தில் எல்லாப் பிழைகளையும் அனுப்ப முடியாதென்றால், முதல் நூறை அனுப்பி, மொத்தம் எத்தனை என்ற எண்ணையும் சேர்த்து விடுங்கள். நூறோடு முடிந்தது என்று நாங்கள் ஏமாறாமல் இருப்போம்.

ஃபீல்டைச் சொன்ன பிறகு காரணம். இங்கே எங்கள் தொழிலில் தினமும் வரும் உதாரணம் ஜிஎஸ்டி எண். 15 இடம் கொண்டது. முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் பான் எண். கடைசி இடம் சரிபார்ப்பு எழுத்து, முன்னால் உள்ள 14 இடங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. "ஜிஎஸ்டி எண் தவறு" என்று பதில் வந்தால் என்ன செய்வது? பதினான்கு எழுத்துதான் இருக்கிறது என்றால் பில் போடும் பெண் ஒன்றை விட்டுவிட்டார், உடனே சரிசெய்வார். சரிபார்ப்பு எழுத்து பொருந்தவில்லை என்றால் சுழியத்தையும் ஓ என்ற எழுத்தையும் மாற்றி அடித்திருக்கலாம், விசிட்டிங் கார்டைப் பார்த்துத் திருத்தலாம். எண் முறையாக இருந்தும் அந்தப் பதிவு ரத்தாகியிருந்தால் வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அது கடை முதலாளியின் வேலை. மாநிலக் குறியீடும் முகவரியில் உள்ள மாநிலமும் பொருந்தவில்லை என்றால் எங்கள் நிரலிலேயே கோளாறு இருக்கலாம். ஒரே ஃபீல்டு, நான்கு காரணம், சரிசெய்ய வேண்டியவர்களும் வேறு வேறு. காரணத்தைச் சொல்லாவிட்டால் எல்லோரும் மாறி மாறி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாடிக்கையாளர் கல்லா முன்னால் நின்றுகொண்டிருப்பார்.

காரணத்தை வாக்கியமாக மட்டும் தராதீர்கள். மாறாத ஒரு குறியீடும் வேண்டும். கிட்ஹப்பின் ஏபிஐ, சரிபார்ப்பு தோற்ற ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 'ஃபீல்டு இல்லை', 'வடிவம் தவறு', 'ஏற்கெனவே உள்ளது' என்பது போன்ற குறியீடு ஒன்றைத் தருகிறது. குறியீடு இல்லாத ஏபிஐகளில் நாங்கள் உங்கள் ஆங்கில வாக்கியத்தையே நிரலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிலை வருகிறது. ஒரு நாள் உங்களில் ஒருவர் அந்த வாக்கியத்தின் இலக்கணத்தைத் திருத்துவார். அன்றைக்கு எங்கள் மென்பொருள் உடையும். திருத்தியவர் மேல் தவறில்லை, ஒப்பிட்ட எங்களுக்கும் வேறு வழியில்லை. குறியீடு இருந்தால் வாக்கியத்தை நீங்கள் விருப்பம்போல் மாற்றலாம். நாங்களும் குறியீட்டை வைத்துக்கொண்டு கடைக்காரருக்குத் தமிழில் சொல்லிவிடுவோம். பில் போடுகிறவர் திரையில் ஆங்கில வாக்கியத்தை அப்படியே காட்ட எனக்கு மனம் வருவதில்லை.

பார்வையற்றவர்களுக்காகவும் இதை யோசித்துப் பாருங்கள். வலைத்தள அணுகல் தரமான டபிள்யூசிஏஜி, தவறான உள்ளீடு தானாகக் கண்டறியப்பட்டால் எந்த இடத்தில் தவறு என்று அடையாளம் காட்டி, அதை எழுத்தில் விளக்கவும் வேண்டும் என்கிறது. 2008இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே இது மிக அடிப்படையான 'ஏ' நிலைத் தேவை. திரைவாசிப்பானைக் கொண்டு படிவம் நிரப்புகிறவருக்கு, தவறான பெட்டிக்கே கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தி, காரணத்தை வாசித்துக்காட்ட நாங்கள் தயார். எந்தப் பெட்டி என்று சர்வர் சொன்னால்தானே?

இனி, பிழையே வராத பிழை. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் மோசமானதாகக் கருதுகிறேன். விருப்ப ஃபீல்டு ஒன்றின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்து அனுப்பினால் பல ஏபிஐகள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு 200 அனுப்புகின்றன. தள்ளுபடி ஃபீல்டின் பெயர் தவறு, தள்ளுபடி இல்லாமல் பில் பதிவாகிவிட்டது, எல்லோருக்கும் வெற்றி என்றே தெரிகிறது. மாத முடிவில் கணக்கு உதைக்கும்போதுதான் தேடத் தொடங்குவோம். "வாங்கும்போது தாராளமாக இரு" என்ற பொருளில் ஜான் போஸ்டல் 1980இல் இணைய நெறிமுறை ஆவணங்களில் எழுதிய அறிவுரை இந்தப் பழக்கத்துக்கு ஆதரவாகக் காட்டப்படுவதுண்டு. அந்த அறிவுரையை நெடுங்காலம் அப்படியே பின்பற்றியதால் விளைந்த சிக்கல்களை 2023இல் வந்த ஆர்எஃப்சி 9413 விரிவாகப் பேசுகிறது. குபெர்னடிஸ் இங்கும் ஒரு வழி காட்டியது: தெரியாத ஃபீல்டு வந்தால் விட்டுவிடவா, எச்சரிக்கவா, மறுக்கவா என்று கூப்பிடுகிறவரே கோரிக்கையில் சொல்லலாம். சர்வர் பக்கம் நடக்கும் இந்தச் சோதனை 1.27 பதிப்பில், 2023இல், நிலைபெற்றது. பழைய வாடிக்கையாளர்கள் உடைந்துவிடுவார்கள் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் மறுக்க வேண்டாம். "இந்த ஃபீல்டை நான் பயன்படுத்தவில்லை" என்று பதிலில் ஓர் எச்சரிக்கையாவது சேர்த்து அனுப்புங்கள்.

தேதியும் இதே வகைதான். நாள், மாதம், ஆண்டு என்ற நம் வரிசையில் 13/04/2024 என்று அனுப்பினால், மாதத்தை முதலில் எதிர்பார்க்கும் சர்வர் மறுத்துவிடும். பதின்மூன்றாவது மாதம் கிடையாது. 03/04/2024 என்று அனுப்பினால் சத்தமில்லாமல் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஆக மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் தவறான தேதிகளோடு ஓடிவிட்டு, பதின்மூன்றாம் தேதி எல்லாம் நிற்கும். அன்றைக்காவது "தேதி 2024-04-13 என்ற வடிவில் வேண்டும்" என்று மாதிரியோடு சொன்னால் முந்தைய பன்னிரண்டு நாட்களையும் நாங்கள் திரும்பப் பார்ப்போம். "இன்வாலிட் டேட்" என்று மட்டும் சொன்னால் அந்த ஒரு பில்லை ஒட்டவைத்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பெயரில் செல்லாத எழுத்து" என்ற பதில் எங்களுக்கு அடிக்கடி வரும். பெயர் ஃபீல்டில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று நல்லெண்ணத்தோடு யூனிகோடின் எழுத்து வகையைக் கொண்டு விதி எழுதியிருப்பார்கள். யூனிகோடில் நம் புள்ளியும் துணைக்கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் இல்லை. குறிகள் என்ற தனி வகையில் இருக்கின்றன. அந்த விதிப்படி 'கமல' செல்லும், 'கமலா' செல்லாது. நீளமும் அப்படித்தான். 'கார்த்திகேயன்' என்ற பெயர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடு கணக்கில் 13 குறியெண். யூடிஎஃப்-8இல் 39 பைட். "30க்குள் இருக்க வேண்டும்" என்று நீங்கள் சொல்லும்போது எதை எண்ணுகிறீர்கள் என்பதையும் சொல்லாவிட்டால், ஏழெழுத்துப் பெயர் ஏன் நீளம் என்று பில் போடுகிறவருக்கு எப்படிப் புரியும்? இன்னொன்று கட்டாயக் கடைசிப் பெயர். முன்னெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்திருக்கும் கோடிக்கணக்கானவர்கள் வாழும் ஊரில், "லாஸ்ட் நேம் தேவை" என்ற பதிலுக்கு மனிதர்கள் புள்ளி ஒன்றை அடித்து நிரப்பிவிட்டுப் போகிறார்கள். உங்கள் தரவுத்தளத்தில் கடைசிப் பெயராக எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இங்கேதான் உங்களுக்கான பலனும் இருக்கிறது. எந்த ஃபீல்டு, என்ன குறியீடு என்று ஒழுங்காகப் பதிவு செய்தால், எந்த விதியில் அதிகம் பேர் இடறுகிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரே ஃபீல்டில் எல்லாரும் தவறுகிறார்கள் என்றால் எல்லாரும் தவறானவர்களாக இருக்க வாய்ப்பில்லை. ஆவணம் தெளிவில்லை, அல்லது விதியே சரியில்லை.

பாதுகாப்பு என்ற காரணத்தை நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். அதில் உண்மை இருக்கும் இடங்கள் உண்டு. உள்நுழைவில் "அப்படி ஒரு பயனர் இல்லை" என்றும் "கடவுச்சொல் தவறு" என்றும் பிரித்துச் சொல்லக் கூடாது. யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று எதிரி அறிந்துகொள்வான். தரவுத்தளப் பிழையையோ ஸ்டாக் ட்ரேஸையோ வெளியே விடக் கூடாது. வந்த மதிப்பைத் திருப்பிக் காட்டுவதிலும் கவனம் வேண்டும். பைடான்டிக்கின் இரண்டாம் பதிப்பு பிழை விவரத்தில் வந்த மதிப்பையும் சேர்க்கிறது, ஃபாஸ்ட்ஏபிஐ அதை அப்படியே பதிலில் அனுப்புகிறது. கடவுச்சொல்லும் அட்டை எண்ணும் அந்த வழியாக யாருடைய லாகிலாவது போய்த் தங்கலாம். அத்தகைய ஃபீல்டுகளுக்கு மதிப்பை மறைத்துவிடுங்கள். ஆனால் ஆவணத்தில் நீங்களே ஊரறிய வெளியிட்ட ஃபீல்டு பெயரையும், நீங்களே எழுதிவைத்த விதியையும் பிழைப் பதிலில் சொல்வதால் எந்த ரகசியமும் வெளியேறாது. அந்த இடத்தில் பாதுகாப்பு என்று சொல்லி மௌனமாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களுக்கு உதவி மையம் இருக்கிறதே என்றும் சிலர் சொல்கிறீர்கள். டிக்கெட் போட்டால் உங்கள் ஆள் லாகைத் திறந்து, அந்த ஃபீல்டின் பெயரைப் படித்து, மின்னஞ்சலில் அனுப்புகிறார். முதல் பதிலிலேயே இருந்திருக்க வேண்டிய ஒரு வரி, இரண்டு மனிதர்களின் நேரத்தைத் தின்றுவிட்டு வந்து சேர்கிறது. பெரிய வாடிக்கையாளர் என்றால் உங்கள் குழுவோடு நேரடியாகப் பேச வழி இருக்கும். கல்லூரி முடித்து, தனியாக ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இல்லை. உங்கள் பிழைப் பதில் மட்டும்தான் அவருக்கு ஆசிரியர். இரண்டு சொல் ஆசிரியரிடம் அவர் என்ன கற்பார்? பலர் அந்த இடத்திலேயே முயற்சியைக் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்கள் எந்த எண்ணிக்கையிலும் உங்களுக்குத் தெரிய வரமாட்டார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் ஏபிஐயில் அதிகம் பேர் கூப்பிடும் ஓர் எண்ட்பாயின்டை எடுங்கள். வேண்டுமென்றே மூன்று ஃபீல்டுகளைத் தவறாக எழுதி, அதில் ஒன்று பட்டியலுக்குள் இருக்கும்படி பார்த்து, கேட்வேக்கு வெளியே இருந்து, ஒரு சாதாரண வாடிக்கையாளரின் சாவியோடு அனுப்பிப் பாருங்கள். திரும்பி வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, நிரலைத் திறக்காமல், மூன்றையும் உங்களால் திருத்த முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உறையை மாற்றுங்கள். பட்டியலுக்கு இடம் கொடுங்கள். பிறகு அந்தப் பதிலுக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்கள், வெற்றிப் பதிலுக்கு எழுதுவதைப் போலவே. ஓபன்ஏபிஐ ஆவணத்தில் 200க்குக் கீழே 400ஐயும் அதன் முழு வடிவத்தோடு, மாதிரியோடு சேர்த்து வெளியிடுங்கள். அதைப் படித்து எங்கள் பக்கத்து வேலையை நாங்கள் முடித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஏபிஐகளைக் கூப்பிடும் பக்கத்திலிருந்து ஒருவன்